ஒரு வாரமும் நான்கு மணி நேரமும்



கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். விமானம் இதனை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. நம் முன்னோருக்கோ இந்தக் கடலைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று.

1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு வந்தது. அதற்குப் பின் வந்தது 'சிதம்பரம்' கப்பல். 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்துடன் அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தும் நின்றது.

அந்நாளில் ஊரில் தகப்பனார் இறந்தால் தோட்டத்திற்குத் தந்திதான் வரும். மகன் கப்பலுக்குக் காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிடும். போக வழியின்றி, இங்கேயே ஆற்றங்கரையில் மொட்டையடித்துக்கொண்டவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இனி, வகுப்பில் நாம் கொடுக்கும் ஒரு கணக்கு. காலை 10 மணிக்குக் கோலாலம்பூரில் புறப்பட்டால், சென்னையில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் 11.30 காட்டும். அங்கிருந்து காலை 10 மணிக்குத் திரும்பினாலோ, இங்கே மாலை 4.30. போகும்போது விமானம் விரைந்ததா? இல்லை. இரண்டும் நான்கு மணி நேரப் பயணமே. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியிருப்பதே காரணம்.

தூரம் குறையவில்லை, நேயர்களே, நேரம்தான் குறைந்தது. உறவினரின் நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருந்துவிட்டு, இனி நாம் கடலின்மேல் பழிபோட முடியாது.