பூட்டும் கடைசி வரியும்: லினக்ஸ் கொன்சோலின் கதை

2024 செப்டெம்பரில், வியன்னாவில், தோமஸ் கிளைக்ஸ்னர் என்பவர் லினஸ் டோர்வால்ட்ஸிடம் தங்க நிறத் தாளில் சுற்றிய ஒரு பொதியைக் கொடுத்தார். உள்ளே அச்சிட்ட ஒரு வேண்டுகோள் இருந்தது: நேரம் தவறாமல் இயங்குகிற லினக்ஸை மூல லினக்ஸோடு சேர்த்துவிடுங்கள். 2004இல் தொடங்கிய வேலை அது. இருபது வருடம் இழுபட்டதற்குக் காரணங்கள் பல. ஆனால் கடைசிவரை வழிமறித்து நின்றது, ஒரு வரியை வெளியே எழுதுகிற சின்ன வேலைதான் எண்டால் நம்புவீங்களா?

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். எங்களுக்குக் கோட் எழுதத் தெரியாது. ஆனாலும் இதை வரலாறாக வாசிக்கலாம் என்று நினைக்கிறோம். ஏனெண்டால் இதன் நடுவில் இருக்கிற கேள்வி வரலாறு படிக்கிறவர்களுக்குப் பழக்கமானது. ஒன்று அழியும்போது அதன் கடைசிச் சாட்சியம் எப்படி வெளியே வருகிறது?

கேர்னல் என்பது இயங்குதளத்தின் அடித்தளம். தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல அதற்கு இருக்கிற வாய்க்குப் பெயர் பிரிண்ட்கே. திரையே இல்லாத சேர்வர்களில் அந்தச் சொற்கள் ஒரு சீரியல் வயர் வழியாக, எழுத்தெழுத்தாக வெளியே போகும். அதற்கான லினக்ஸ் டிரைவரை இன்றைக்கும் 8250 என்றுதான் அழைக்கிறார்கள். 1981இல் வந்த ஐபிஎம் பீசீ காலத்துச் சிப் ஒன்றின் பெயர் அது.

வயரில் ஒரு எழுத்து வந்து சேர்ந்தால் சிப் செயலியைக் கூப்பிடும். செயலி செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவரும். இதுதான் இன்டரப்ட். அது எப்ப வரும் எண்டு யாருக்கும் தெரியாது; அதனால் ஒருமுறை நடந்த பிழையைத் திரும்ப நடத்திக் காட்டவும் முடியாது. நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1950களின் இறுதியில் எக்ஸ்1 என்ற கணினிக்காக இதோடுதான் மல்லுக்கட்டினார். 1959இல் வந்த அவரது கலாநிதிப்பட்ட ஆய்வும் இதைப் பற்றியதுதான். பலர் பாவிக்கிற ஒன்றை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவது எப்படி என்ற கேள்விக்கு 1965இல் அவர் விடை எழுதினார். அவர் உருவாக்கிய ‘செமபோர்’ என்ற கருவியின் பெயர் ரயில் பாதைக் கைகாட்டியிலிருந்து வந்தது.

லினக்ஸ் 1996இல், 2.0 பதிப்பில், ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளோடு ஓடத் தொடங்கியது. அப்போது முழுக் கேர்னலுக்கும் ஒரே பெரிய பூட்டுத்தான். பிறகு அதை மெல்ல மெல்லச் சின்னப் பூட்டுகளாகப் பிரித்தார்கள். பெரிய பூட்டு முற்றாகப் போக 2011 ஆனது.

சின்னப் பூட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. டிரைவர் பூட்டை எடுத்து ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதே செயலியில் இன்டரப்ட் வருகிறது. அதைக் கவனிக்கிற கோட்டுக்கும் அதே பூட்டு வேணும். அது காத்து நிற்கும். ஆனால் அது முடியாமல் பூட்டு வைத்திருக்கிறவருக்கு எழும்பவே ஏலாது. இரண்டும் அப்படியே நின்றுவிடும். அதனால் விதி இதுதான்: முதலில் அந்தச் செயலியில் இன்டரப்டை நிறுத்து, பிறகு பூட்டை எடு, முடிந்ததும் முன்பு இருந்த நிலைக்கே திருப்பி விடு.

பாதுகாப்புத்தான், ஆனால் விலை உண்டு. செக்கனுக்கு 115,200 பிட் வேகத்தில் 80 எழுத்து வரி ஒன்று போக ஏறத்தாழ 7 மில்லிசெக்கன் எடுக்கும். அவ்வளவு நேரமும் அந்தச் செயலிக்குக் காது கேட்காது. ரோபோக் கை ஒன்றை ஓட்டுகிற கணினிக்கு அது மிக நீண்ட நேரம்.

இதைவிட மோசமானது சாவு. திறப்பை வைத்திருந்தவரே செத்துப்போனால்? கேர்னல் விழும் நேரம் வேறொரு செயலி பூட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டால், ஏன் விழுந்தது என்று சொல்லவேண்டிய வரி உள்ளேயே கிடக்கும். பழைய டிரைவர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. ஆபத்து நேரத்தில் பூட்டை ஒருமுறை எடுத்துப் பார். கிடைக்காவிட்டால் பூட்டு இல்லாமலே எழுது. எழுத்துகள் கலந்து குழம்பலாம், சிலவேளை ஒன்றுமே வராமலும் போகலாம். ஆனால் மௌனத்தைவிட அது மேல்.

ஜோன் ஓக்னஸும் பெட்ர் மிளாடெக்கும் மற்றவர்களும் வருடக்கணக்காகச் செய்த வேலை இந்தக் குறுக்குவழியை ஒழுங்கான விதியாக மாற்றியது. 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில், செய்திகளைச் சேர்த்துவைக்கும் இடமே பூட்டில்லாததாக மாறியது. பிறகு ‘என்பிகொன்’ வந்தது. பெரிய பூட்டு இல்லாத கொன்சோல் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதில் மூன்று படிகள்: சாதாரணம், அவசரம், பேரழிவு. மேல் படியில் இருப்பவர் கேட்டால், எழுதிக்கொண்டிருப்பவர் பாதுகாப்பான ஒரு இடத்தில் நிறுத்திக் கையளிக்க வேண்டும். பேரழிவில் மட்டும், வேறு வழியே இல்லாத கடைசிக் கட்டத்தில், பறித்தெடுக்கலாம். சாதாரண நேரத்தில் எழுதுகிற வேலைக்குத் தனி ஆள். மற்றவர்கள் காத்து நிற்கத் தேவையில்லை.

2024 நவம்பர் 17இல் 6.12 வெளிவந்தது, அந்தத் தங்கத்தாள் வேண்டுகோளும் அதற்குள் சேர்ந்து. எல்லா டிரைவரும் அத்தோடு மாறிவிடவில்லை, ஒவ்வொன்றாகத்தான் மாற்றவேண்டும். எங்களுக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். விதி உடைகிற நேரம் வரும் என்று தெரிந்தவர்கள், அது எப்ப, யாரால், எந்த ஒழுங்கில் உடையலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். கடைசி வரி வெளியே வந்தால்தானே, பிறகு வருகிறவர்களுக்கு என்ன நடந்தது எண்டு விளங்கும்.