மகிழுந்துக் கண்ணாடிக் காப்பீடு

மகிழுந்துக் கண்ணாடிக் காப்பீடு என்பது, மகிழுந்தின் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, கதவுக் கண்ணாடிகள் ஆகியவை உடையும்போது அவற்றைச் செப்பனிடவோ மாற்றவோ ஆகும் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். சில நாடுகளில் இது தனிப் பிரிவாக விற்கப்படுகிறது. இந்தியாவில் இது வாகனக் காப்பீட்டின் சொந்தச் சேதப் பிரிவில் அடங்கியுள்ளது. கண்ணாடிக்குக் காப்பு இருப்பதும், அதற்காக இழப்பீடு கோருவது வாகன உரிமையாளருக்கு இலாபமாக இருப்பதும் வெவ்வேறானவை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டாயக் கழிவு, கோரிக்கையின்மைச் சலுகை ஆகிய இரு விதிகள் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் இந்திய நடைமுறையை விளக்குகிறது. பிற நாடுகளின் நடைமுறைகள் ஒப்பீட்டுக்காக இறுதியில் தரப்பட்டுள்ளன.

வாகனக் கண்ணாடியின் வகைகள்

மகிழுந்துகளில் இருவகைக் கண்ணாடிகள் பயன்படுகின்றன.

அடுக்குக் கண்ணாடி: இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒரு நெகிழிப் படலத்தை வைத்து ஒட்டிச் செய்யப்படுவது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்; சிதறிப் பயணிகளைக் காயப்படுத்துவதில்லை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த எதுவார் பெனெதிக்துசு இதற்கு 1909 இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் மகிழுந்துகளின் முன்கண்ணாடி இவ்வகையைச் சேர்ந்ததாகும்.

பதப்படுத்திய கண்ணாடி: வெப்பத்தால் சூடேற்றி விரைவாகக் குளிர்விக்கப்படுவது. உடையும்போது கூர்மையற்ற சிறு மணிகளாக நொறுங்கிவிடும். கதவுக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் இவ்வகையினவே.

இவ்வேறுபாடு செலவிலும் எதிரொலிக்கிறது. அடுக்குக் கண்ணாடியில் சிறு கல் பட்டு ஏற்படும் பொட்டுச் சேதத்தைப் பிசின் செலுத்திச் செப்பனிட முடியும். விரிசல் நீண்டுவிட்டால் கண்ணாடியை முழுமையாக மாற்றவேண்டும். பதப்படுத்திய கண்ணாடியைச் செப்பனிட இயலாது. மாற்றுவது ஒன்றே வழி.

முன்கண்ணாடி காற்றைத் தடுப்பதற்காக மட்டும் அமைந்ததன்று. அது வண்டியின் கூரைக்கு வலுவூட்டுகிறது. பயணி இருக்கைக்கு எதிரே உள்ள காற்றுப்பை விரியும்போது அதற்கு முட்டுக்கொடுக்கிறது. ஆகவே ஒட்டும் பசை சரியாக இறுகுவதற்கு முன் வண்டியை ஓட்டுவது ஆபத்தானது. அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் ஓட்டுநருக்கு உதவும் ஒளிப்படக் கருவி முன்கண்ணாடியின் பின்னே பொருத்தப்பட்டுள்ளது. கண்ணாடியை மாற்றியபின் அக்கருவியை மீண்டும் அளவுத்திருத்தம் செய்யவேண்டும். இது கண்ணாடி மாற்றும் செலவைக் கணிசமாக உயர்த்துகிறது.

இந்தியாவில் காப்பீட்டு வகைகளும் கண்ணாடியும்

மூன்றாம் தரப்பினர் காப்பீடு: மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 146 ஆம் பிரிவின்படி பொது இடத்தில் இயங்கும் வாகனத்துக்கு இது கட்டாயமாகும். இது பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், உடைமைச் சேதம் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். உரிமையாளரின் சொந்த வண்டியின் கண்ணாடிக்கு இதில் எவ்விதக் காப்பும் இல்லை.

சொந்தச் சேதக் காப்பீடு: இது விருப்பத்தின் பேரில் எடுக்கப்படுவது. கண்ணாடி உள்ளிட்ட வண்டியின் பாகங்களுக்கு ஏற்படும் சேதம் இதில் அடங்கும். 2019 செப்டம்பர் 1 முதல் இதனைத் தனியாகவும் பெறலாம்.

முழுமைக் காப்பீடு: மேற்கண்ட இரண்டும் சேர்ந்தது.

2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, புதிய மகிழுந்துகளுக்கு மூன்றாம் தரப்பினர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து வழங்கப்படுகிறது. ஆனால் அத்துடன் வரும் சொந்தச் சேதக் காப்பீடு வழக்கமாக ஓர் ஆண்டுக்கே உரியது. முதல் ஆண்டு முடிந்தபின் அதனைப் புதுப்பிக்காதவர், கையில் மூன்றாண்டு ஆவணம் இருப்பதைக் கொண்டு வண்டிக்கு முழுக் காப்பு உள்ளதாகக் கருதிவிட வாய்ப்புண்டு. கண்ணாடி உடைந்தபின்னரே இவ்வேறுபாடு பலருக்குத் தெரியவருகிறது.

காப்பில் அடங்குபவை

2002 சூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள் சொந்தச் சேதப் பிரிவுக்கான சீர்தர வாசகத்தை வகுத்தன. 2007 சனவரி முதல் இப்பிரிவின் கட்டணங்களை நிறுவனங்களே வரையறுக்கத் தொடங்கியபோதும், ஆவணங்களின் அடிப்படை அமைப்பு இதனையே ஒட்டியிருந்தது. அதன்படி பின்வரும் காரணங்களால் உடையும் கண்ணாடிக்கு இழப்பீடு உண்டு.

- மோதல், சாலையில் தெறிக்கும் கல் போன்ற வெளிப்புறக் காரணங்களால் நேரும் விபத்து
- தீ, வெடிப்பு, மின்னல்
- திருட்டு, திருடும் நோக்கில் வண்டியை உடைத்தல்
- கலவரம், வேலைநிறுத்தம், பிறர் தீய நோக்குடன் செய்யும் சேதம், பயங்கரவாதச் செயல்
- புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை, நிலநடுக்கம், நிலச்சரிவு
- சாலை, இருப்பூர்தி முதலியவற்றின் வழியாக வண்டியைக் கொண்டுசெல்லும்போது நேரும் சேதம்

எடுத்துக்காட்டாக, 2016 திசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய புயலில் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியின் மேல் கிளை விழுந்து கண்ணாடி உடைந்தால், அது சொந்தச் சேதப் பிரிவில் அடங்கும். மூன்றாம் தரப்பினர் காப்பீடு மட்டும் உள்ளவருக்கு எதுவும் கிடைக்காது.

காப்பில் அடங்காதவை

நாட்பட்ட பயன்பாட்டால் ஏற்படும் தேய்வு, கீறல், மங்கல் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை. ஓட்டுநர் மது அருந்தியிருந்தாலோ உரிய ஓட்டுநர் உரிமம் இல்லாதிருந்தாலோ கோரிக்கை நிராகரிக்கப்படும். போர், அணுக்கதிர் ஆகியவற்றால் ஏற்படும் சேதமும் விலக்கப்பட்டுள்ளது. காலாவதியான காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது நிறுவனம் வண்டியைப் பார்வையிடுவது வழக்கம். அப்போது பதிவான பழைய விரிசலுக்குப் பின்னர் இழப்பீடு கோர இயலாது.

கண்ணாடியை உடைத்து வண்டிக்குள் இருந்த மடிக்கணினி, கைப்பை போன்றவற்றைத் திருடிச் சென்றால், கண்ணாடிக்கு மட்டுமே இழப்பீடு கிடைக்கும். உடைமைகள் வண்டியின் பாகமல்ல என்பதால் அவை சீர்தர வாகனக் காப்பீட்டில் அடங்குவதில்லை.

தேய்மானம்

பாகங்களை மாற்றும்போது அவற்றின் தேய்மானத்தைக் கழித்தே நிறுவனம் பணம் தரும். இரப்பர், நெகிழிப் பாகங்களுக்கு 50 விழுக்காடும், கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30 விழுக்காடும் கழிக்கப்படுகின்றன. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு உயர்கிறது. கண்ணாடிப் பாகங்களுக்கோ தேய்மானக் கழிவு கிடையாது. வண்டி எத்தனை ஆண்டு பழையதாயினும் கண்ணாடியின் விலை முழுமையாகக் கணக்கிடப்படும்.

ஆகவே, கண்ணாடிக்காக மட்டும் தேய்மானமில்லாக் காப்பு எனும் கூடுதல் பிரிவை எடுக்கத் தேவையில்லை. எனினும் கண்ணாடியைச் சுற்றியுள்ள இரப்பர் பட்டை, நெகிழி விளிம்பு ஆகியவற்றுக்குத் தேய்மானம் உண்டு. இதனாலேயே கண்ணாடிக்கான இழப்பீட்டில் சிறு தொகை குறைவது உண்டு.

கழிவுத்தொகை

ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு குறிப்பிட்ட தொகையை உரிமையாளரே ஏற்கவேண்டும். இது கட்டாயக் கழிவு எனப்படும். தனியார் மகிழுந்துகளுக்கு இது வழக்கமாக 1,500 கன செ.மீ. வரையிலான இயந்திரத்துக்கு ரூ. 1,000 ஆகவும், அதற்கு மேற்பட்டதற்கு ரூ. 2,000 ஆகவும் உள்ளது.

பிரீமியத்தைக் குறைப்பதற்காகச் சிலர் விருப்பக் கழிவையும் ஏற்கின்றனர். 2002 ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு ரூ. 2,500, 5,000, 7,500, 15,000 என நான்கு நிலைகள் இருந்தன. விருப்பக் கழிவு ரூ. 5,000 ஆகவும் கட்டாயக் கழிவு ரூ. 1,000 ஆகவும் இருந்தால், ரூ. 6,000 வரையிலான கண்ணாடிச் செலவு முழுவதும் உரிமையாளரையே சேரும்.

கோரிக்கையின்மைச் சலுகை

நோ கிளெய்ம் போனஸ் எனப் பரவலாக அறியப்படும் கோரிக்கையின்மைச் சலுகை, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடி ஆகும். தொடர்ந்து கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கு இது 20, 25, 35, 45, 50 விழுக்காடு என உயர்கிறது. ஒரேயொரு கோரிக்கை செய்தாலும், அது கண்ணாடிக்காக மட்டுமே ஆயினும், அடுத்த ஆண்டுச் சலுகை சுழியமாகிவிடும். காப்பீடு காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சலுகை இழக்கப்படும்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

கண்ணாடி மாற்றச் செலவு ரூ. 9,000, கட்டாயக் கழிவு ரூ. 1,000 எனக் கொள்வோம். கோரினால் கிடைப்பது ரூ. 8,000. சலுகைக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு ரூ. 10,000 எனவும், அது மாறாதிருப்பதாகவும், பின்னர் வேறு கோரிக்கை எழவில்லை எனவும் கொள்வோம்.

முதலாமவர் ஏற்கனவே 50 விழுக்காடு சலுகை பெறுபவர். கோராவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் 50 விழுக்காடு தொடரும். கோரினால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவருக்குக் கிடைப்பது 0, 20, 25, 35, 45 விழுக்காடு. எனவே இழப்பு:

- முதல் ஆண்டு: ரூ. 5,000
- இரண்டாம் ஆண்டு: ரூ. 3,000
- மூன்றாம் ஆண்டு: ரூ. 2,500
- நான்காம் ஆண்டு: ரூ. 1,500
- ஐந்தாம் ஆண்டு: ரூ. 500

மொத்தம் ரூ. 12,500. ரூ. 8,000 பெறுவதற்காக இவர் ரூ. 12,500 இழக்கிறார்.

இரண்டாமவர் புதிய வண்டியின் முதல் ஆண்டில் உள்ளவர். கோராவிட்டால் அவருக்கு 20, 25, 35, 45, 50 விழுக்காடு கிடைக்கும். கோரினால் 0, 20, 25, 35, 45 விழுக்காடு கிடைக்கும். ஐந்து ஆண்டு இழப்பு முறையே ரூ. 2,000, 500, 1,000, 1,000, 500, மொத்தம் ரூ. 5,000. இவர் கோருவதால் ரூ. 3,000 மிச்சமாகிறது.

ஒரே கண்ணாடி, ஒரே செலவு. ஆயினும் முதலாமவர் கைப்பணத்தில் மாற்றுவதும் இரண்டாமவர் இழப்பீடு கோருவதும் சிக்கனமானவை. நடைமுறையில் வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் பிரீமியமும் குறையக்கூடும். இடையில் வேறு பெரிய விபத்து நேர்ந்தால் சலுகை எவ்வாறாயினும் போய்விடும். ஆகவே உண்மையான இழப்பு மேற்கண்ட தொகையைவிடக் குறைவாக இருக்கலாம். சலுகைப் பாதுகாப்பு எனும் கூடுதல் பிரிவை வாங்கியவர்கள், அதில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கோரிக்கை செய்தாலும் சலுகையை இழப்பதில்லை.

இழப்பீடு கோரும் முறை

1. உடைந்த கண்ணாடியையும் வண்டியின் பதிவெண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுதல்.
2. காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனடியாக அறிவித்தல். நிறுவனம் அறியுமுன் கண்ணாடியை மாற்றிவிட்டால் சேதத்தை மெய்ப்பிப்பது கடினமாகும்.
3. திருட்டு, கலவரம், பிறர் வேண்டுமென்றே செய்த சேதம் ஆகியவற்றில் காவல் நிலையத்தில் முறையிட்டு அதன் படியைப் பெறுதல்.
4. பணிமனையில் செலவு மதிப்பீடு பெறுதல். தேவைப்படும்போது நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் வண்டியைப் பார்வையிடுவார்.
5. ஒப்புதலுக்குப் பின் கண்ணாடியை மாற்றுதல். நிறுவனத்துடன் உடன்பாடு கொண்ட பணிமனையாயின் கழிவுத்தொகையையும் தேய்மானத்தையும் மட்டும் உரிமையாளர் செலுத்துவார். பிற பணிமனையாயின் முழுத் தொகையையும் செலுத்திப் பின்னர் திரும்பப் பெறவேண்டும்.

முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ள பாஸ்டேக் எனும் சுங்கக் கட்டணப் பட்டையைப் பழைய கண்ணாடியிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்த இயலாது. அதனை வழங்கிய வங்கியிடம் புதிய பட்டை பெறவேண்டும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதவேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓர் ஆண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் உள்ளது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்கா: மோதல் அல்லாத சேதங்களுக்கான காப்பீட்டில் கண்ணாடி அடங்குகிறது. கழிவுத்தொகை பெரிதாக இருப்பதால் பல கோரிக்கைகள் பயனற்றுப் போகின்றன. புளோரிடா, கென்டக்கி, தென் கரொலைனா ஆகிய மாநிலங்களில், இக்காப்பீடு உள்ளவரின் முன்கண்ணாடிக்குக் கழிவுத்தொகை பிடிக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. புளோரிடாவில் கண்ணாடிப் பணிமனைகள் வாடிக்கையாளரின் கோரிக்கை உரிமையைத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு தொடுத்த வழக்குகள் பெருகியதால், 2023 இல் அவ்வாறு எழுதி வாங்குவது தடைசெய்யப்பட்டது.

ஐக்கிய இராச்சியம்: முழுமைக் காப்பீடுகளில் கண்ணாடிக்குத் தனிக் கழிவுத்தொகை உண்டு. செப்பனிடுவதற்கான கழிவு, மாற்றுவதற்கானதைவிடக் குறைவாக இருக்கும். கண்ணாடிக் கோரிக்கை பெரும்பாலும் கோரிக்கையின்மைச் சலுகையைப் பாதிப்பதில்லை.

மலேசியா: கண்ணாடிக் காப்பு தனிக் கட்டணத்துடன் சேர்க்கப்படும் கூடுதல் பிரிவாகும். உரிமையாளர் கண்ணாடியின் மதிப்பைக் குறிப்பிட்டு அதனை வாங்குகிறார். இப்பிரிவின்கீழ் கோரினால் சலுகை குறைவதில்லை. இப்பிரிவை வாங்காதவர் தம் முழுமைக் காப்பீட்டின்கீழ் கோரினால் சலுகையை இழக்க நேரிடும்.

இந்நாடுகளுடன் ஒப்பிடுகையில், இந்திய முறையில் கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை என்பது நிறையாகவும், சிறு கண்ணாடிக் கோரிக்கையும் பெருவிபத்துக் கோரிக்கையும் சலுகையைச் சமமாகவே பறிக்கின்றன என்பது குறையாகவும் அமைகின்றன.