நியூ லானார்க்: ஒரு பக்தரின் ஆலையூர்

திருச்சபை வரலாற்றைச் சங்கங்கள், விசுவாசப் பிரமாணங்கள், பிரிவினைகள் ஆகியவற்றின் வழியாகவே நாம் பெரும்பாலும் கற்று வருகிறோம். பக்தியுள்ள ஒருவர் ஆலை முதலாளியானபோது நேர்ந்தது யாது என நாம் வினவுவது அரிது. ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையிலுள்ள நியூ லானார்க் என்னும் சிற்றூர் அவ்வினாவை நம்முன் வைக்கிறது.

கிளாஸ்கோ வணிகரான டேவிட் டேல், அரசாங்கச் சபையினின்று பிரிந்த சுயாதீன சபையொன்றின் மூப்பர், வாரந்தோறும் பிரசங்கித்தவர். 1785 இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட்டுடன் கூடி அங்கு நூற்பாலை நிறுவ முற்பட்டார். சக்கரங்களைச் சுழற்ற நீர் இருந்தது, ஆட்களோ இல்லை. சுற்றுப்புறத்தார் காலை முதல் இரவு வரை சுவர்களுக்குள் அடைபட்டு உழைக்க விரும்பவில்லை. ஆகவே, வேறு போக்கிடம் அற்றவர்களே வந்தார்கள்.

அக்காலத்தில் வடமலைப் பகுதிகளில் குத்தகை உயர்ந்தது. நிலம் ஆட்டு மந்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1791 இல் ஸ்கை தீவிலிருந்து வட கரோலினாவுக்குப் புறப்பட்ட கப்பல் புயலால் கிரீனக் துறைமுகத்தில் ஒதுங்கியபோது, டேல் அப்பயணிகளுக்கு வேலையும் வீடும் அளிக்க முன்வந்தார். பலர் இசைந்தனர். கேலிக் மொழி பேசிய இம்மக்களின் நினைவாக, கேத்னஸ் என்னும் வடபகுதியின் பெயர் ஒரு வீட்டு வரிசைக்கு இன்றும் வழங்குகிறது.

எனினும் நம் மனத்தை அதிகம் உறுத்துவது பிள்ளைகளின் நிலையே. எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் தரும விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு நல்ல உணவும் தூய படுக்கையும் கிடைத்தன. வந்து கண்டோர் டேலைப் புகழ்ந்தனர், அப்புகழ் பொய்யுமன்று. ஆனால் காலை ஆறு முதல் மாலை ஏழு வரை, உணவு வேளை நீங்கலாக, ஆலையில் உழைத்த பின்னரே பள்ளி தொடங்கியது. உறங்கி விழும் பிள்ளை எதைக் கற்கும்?

1799 இல் ஆலைகள் 60,000 பவுனுக்குக் கைமாறின. 1800 இல் நிர்வாகத்தை ஏற்றவர் டேலின் மருமகன் ராபர்ட் ஓவன்; கிறிஸ்தவ விசுவாசத்தைக் கைவிட்டவர். விடுதிப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தியவரும், பத்து வயதுக்குட்பட்டோரை ஆலைக்குள் விடாதவரும் அவரே. இதை நம் மாணாக்கர் சற்றே நின்று எண்ணுதல் நலம்.

இன்னொன்றும் உண்டு. 1791 இல் அடிமை வாணிகத்தை ஒழிக்கக் கிளாஸ்கோவில் தோன்றிய சங்கத்திற்கு டேலே தலைவர். அதே காலத்தில் அந்நகர வணிகர் இறக்குமதி செய்த பஞ்சு, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் பறித்தது.