மூன்றரை மி.மீ. துளையின் பூர்வீகம்

ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஐபோனை எடுத்துக் காட்டியபோது ஊரெல்லாம் தொடுதிரையைப் பற்றித்தான் பேசியது. அதே போனின் தலைப்பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டத் துளை இருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தத் துளையின் பரம்பரை அப்போதே ஏறக்குறைய நூற்று முப்பது வருடப் பழசு. அது பிறந்த காலத்தில் தெருவில் மோட்டார் கார் கிடையாது, வீட்டில் மின்விளக்கு கிடையாது. போன் வடிவமைப்பில் பித்துள்ளவர்களில் சிலர் கேமராவின் வளையத்தைப் பார்ப்பார்கள், சிலர் மூலையின் வளைவைத் தடவிப் பார்ப்பார்கள். நான் புதுப் போன் எதைக் கையில் வாங்கினாலும் முதலில் இயர்போன் துளை இருக்கிறதா, இருந்தால் மேலேயா கீழேயா என்றுதான் திருப்பிப் பார்ப்பேன்.

கதை தொடங்குவது தொலைபேசி இணைப்பகத்தில். 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜார்ஜ் காய் என்பவர் முதல் வணிக இணைப்பகத்தைத் திறந்தார். சந்தாதாரர்கள் 21 பேர். இணைப்புப் பலகையை வண்டி போல்ட்டு, தேநீர்க் கெண்டி மூடியின் குமிழ், சீமாட்டிகளின் பாவாடையைப் பின்புறம் தூக்கி நிறுத்தும் கம்பி ஆகியவற்றைக் கொண்டு ஒப்பேற்றியிருந்தார். இருபத்தோரு பேருக்கு அது போதும். ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தபோது சமாளிக்க முடியவில்லை. சிகாகோவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் ஸ்கிரிப்னர் போன்றவர்கள் வேறு வழி கண்டார்கள். பலகை முழுக்கத் துளைகள், ஆபரேட்டரின் கையில் வயர், வயரின் நுனியில் பித்தளைப் பின். பின்னின் தடிமன் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.

அந்தப் பின்னைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். நுனி ஒரு தொடுமுனை, உடல் இன்னொரு தொடுமுனை, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் பாயாத ஒரு பட்டை. நுனிக்குக் கீழே கழுத்து போல ஒரு பள்ளம். உள்ளே போனதும் அந்தப் பள்ளத்தில் ஒரு ஸ்பிரிங் ‘டக்’கென்று உட்காரும். உருண்டையான பின் என்பதால் மேல் எது, கீழ் எது என்று பார்க்க வேண்டியதில்லை. (மைக்ரோ யுஎஸ்பி சார்ஜரை இருட்டில் செருகிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) ஒரு லைனில் ஏற்கெனவே யாரோ பேசிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருந்தது: பின்னின் நுனியைத் துளையின் விளிம்பில் லேசாகத் தொட்டால் ஆபரேட்டரின் காதில் ஒரு ‘க்ளிக்’ கேட்கும். கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் வேலை செய்யும் ஓர் ஆளுக்காகக் கை தானே கற்றுக்கொள்ளும்படி செய்த சாமான் அது. நம் ஊரில் எண்பதுகளில் டிரங்க் கால் போட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்த பலருக்கும் கடைசியில் இணைப்புக் கொடுத்தது இந்தப் பின்னைப் பிடித்த ஒரு கைதான்.

தொலைபேசிக்குச் செய்த இந்தப் பின் பாட்டுக்காரர்களிடம் போனதற்கு வலுவான காரணம் எதுவும் இல்லை. கிடைத்தது, உறுதியாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். ரேடியோ நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இணைப்பகப் பலகையை அப்படியே பெயர்த்துவந்து சுவரில் மாட்டிக்கொண்டன. எலக்ட்ரிக் கிட்டார்காரர்களும் அதையே எடுத்தார்கள். 1950-ல் ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரிலும் கால் அங்குலத் துளைதான், இன்றைக்கு வரும் கிட்டாரிலும் அதேதான்.

பின்னை இளைக்க வைத்தது டிரான்சிஸ்டர். 1954-ல் ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை ரேடியோ 49.95 டாலருக்கு வந்தது. ஜப்பானில் சோனி போட்டிக்கு இறங்கியது. சட்டைப்பைக்குள் போகும் பெட்டியில் கால் அங்குலத் துளை போட இடமில்லை. ஒற்றைக் காது இயர்போனுக்காக 3.5 மி.மீ., 2.5 மி.மீ. என்று குட்டித் துளைகள் கிளம்பின. 1979 ஜூலையில் சோனியின் வாக்மேன் வந்தது, 33,000 யென்னுக்கு. அந்த முதல் மாடலில் ஒரு விசித்திரம்: இயர்போன் துளை இரண்டு. தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படும் என்று சோனி தலைவர் அகியோ மொரிட்டாவுக்குக் கவலை. ஆகவே இருவர் கேட்க இரண்டு துளை, நடுவில் பேசிக்கொள்ள ஓர் ஆரஞ்சு நிறப் பட்டன், அதற்கென ஒரு மைக். வாங்கியவர்களோ தனியாகக் கேட்கத்தான் வாங்கினார்கள். சோனியும் புரிந்துகொண்டு, பின்னால் வந்த பெரும்பாலான மாடல்களில் ஒரு துளையோடு நிறுத்திக்கொண்டது.

செல்போன்காரர்களுக்கு இந்தத் துளை முதலில் பிடிக்கவே இல்லை. யார் செய்த இயர்போனையும் செருகலாம் என்றால் கம்பெனிக்கு என்ன லாபம்? நோக்கியாவில் ‘பாப்-போர்ட்’, இல்லையென்றால் 2.5 மி.மீ., சோனி எரிக்சனில் பட்டையான ஒரு சொந்தச் செருகி. முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1 (2008) இயர்போன் துளையே இல்லாமல்தான் வந்தது. முதல் ஐபோனில் துளை இருந்தும், பள்ளத்துக்குள் ஒடுங்கி இருந்ததால் மற்றவர்களுடைய பின்கள் பல உள்ளே போகவில்லை. ஆப்பிள் மறு வருடமே சரிசெய்துவிட்டது. அதற்குள் மற்றவர்கள் இணைப்பான் செய்து பத்துப் பதினோரு டாலருக்கு விற்றுக் காசு பார்த்துவிட்டார்கள்.

எல்லோரும் 3.5-க்கு வந்து சேர்ந்த பிறகும் ஒரு பங்காளிச் சண்டை மிச்சம் இருந்தது. மைக்குக்காகப் பின்னில் நான்காவது வளையம் சேர்ந்தபோது, மைக் எந்த வளையம், எர்த் எந்த வளையம் என்பதில் ஆப்பிள் ஒரு பக்கம் நின்றது, நோக்கியாவும் சீனக் கம்பெனிகள் பலவும் எதிர்ப்பக்கம் நின்றன. சென்னை ரிச்சி தெருவில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் இயர்போன்களில் ஒன்றை வாங்கிப் போட்டால், எண்பதுகளின் பாட்டில் வயலினும் எதிரொலியும் துல்லியமாக வரும், பாடகரை மட்டும் காணோம். எர்த் ஒழுங்காகச் சேராதபோது இடது, வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். நடுவில் நிற்கும் குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் மைக்கும் எர்த்தும் ஒட்டிக்கொள்ள, பாடகர் திரும்பி வந்துவிடுவார். பின்னைப் பாதி இழுத்து ‘கரோகி’ செய்யும் வித்தை பள்ளிப் பிள்ளைகளுக்கும் அத்துபடி. எஃப்எம் கேட்க இயர்போன் வயர்தான் ஏரியல் என்பதால், ஸ்பீக்கரில் கேட்டாலும் வயரைச் செருகியே வைத்திருக்க வேண்டும் என்பதும் ஊரறிந்த விஷயம்.

இந்தத் துளை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, சாஃப்ட்வேர் கேட்கவில்லை, உரிமைத்தொகை கேட்கவில்லை. ஆகவே எவரெவரோ வந்து குடியேறினார்கள். அமெரிக்காவில் கண்ணாடிக் கலைஞரான ஜிம் மெக்கெல்வியிடம் ஒரு கண்ணாடிக் குழாய் வாங்க விரும்பியவர் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையில் பணம் தருவதாகச் சொன்னார். அந்த அட்டையை வாங்கிக்கொள்ள இவரிடம் வசதியில்லை, வியாபாரம் போயிற்று. மெக்கெல்வி, தொழில்முனைவர் ஜாக் டோர்சியோடு சேர்ந்து 2009-ல் ஸ்கொயர் நிறுவனத்தைத் தொடங்கினார். இயர்போன் துளையில் செருகும் குட்டிக் கருவியில் அட்டையைத் தேய்த்தால், அதன் காந்தப் பட்டை எழுப்பும் சமிக்ஞை மைக் வழியாக ஒலி போலப் போனுக்குள் போகும். பணம் கைமாறிவிடும். செல்ஃபி ஸ்டிக் செய்தவர்கள் இன்னும் சுலபமான வழி பிடித்தார்கள்: ஹெட்செட்டின் ஒலி கூட்டும் பட்டன் கேமராவையும் இயக்குமென்றால், அந்தப் பட்டனைக் கோலின் கைப்பிடியில் வைத்துவிட்டால் ஆயிற்று.

2013-ல் இரு இஸ்ரேலியர்கள் ‘பிரஸ்ஸி’ என்று துளையில் செருகி வைக்கும் ஒரு பட்டனை, மக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் அறிவித்தார்கள். கேட்டது 40,000 டாலர், சேர்ந்தது ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மறு வருடம் சீனாவின் ஷாவ்மி அச்சில் வார்த்தது போல ஒரு பட்டனை 4.9 யுவானுக்கு அறிவித்தது. ஒரு டாலர்கூட இல்லை. யோசனை ஒருவருடையது, லாபம் வேறொருவருக்கு.

துளைக்கு ஆபத்து வந்தது ஒல்லி மோகத்தால். 2014-ல் ஓப்போ ஆர்5 என்ற போன் 4.85 மி.மீ. தடிமனில் வந்தது. இவ்வளவு மெலிவுக்கு இயர்போன் துளையைத் தியாகம் செய்ததாகச் சொன்னார்கள். சில வாரங்களில் அதன் உறவுக்கார நிறுவனமான விவோ 4.75 மி.மீ. போனைக் காட்டியது, அதில் துளையும் இருந்தது! மெலிவு என்பது சாக்கு என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

2016 செப்டம்பரில் ஆப்பிளின் ஃபில் ஷில்லர் ஐபோன் 7-ல் துளையை எடுத்ததற்குக் காரணம் ‘துணிச்சல்’ என்றார். சில மாதங்களில் 159 டாலருக்கு வயரில்லா ஏர்பாட்ஸ் கடைக்கு வந்தது. போனைப் பிரித்துப் பார்த்தவர்கள் துளை இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கண்டார்கள். தண்ணீர் புகாமல் அடைத்த போனில் காற்றழுத்தமானிக்காக வைத்தது என்றது ஆப்பிள். கூகுள் அந்த வருடம் தன் பிக்சலில் துளை இருப்பதைக் குத்தலாக விளம்பரப்படுத்திவிட்டு, அடுத்த வருடம் தானும் எடுத்தது. 2018-ல், துளையில்லாத ஐபோனில் வயர் இயர்போனைச் செருகத் தேவைப்பட்ட இணைப்பானைக் கிண்டலடித்து விளம்பரம் எடுத்த சாம்சங், 2019-ல் நோட் 10-ல் அதே வேலையைச் செய்தது.

ஆனாலும் துளை முழுசாகப் போய்விடவில்லை. ஸ்காட்டி ஆலன் என்ற பொறியாளர் ஷென்செனின் மின்னணுச் சந்தைகளில் உதிரிகளைத் தேடி அலைந்து, வேலை செய்யும் 3.5 மி.மீ. துளை ஒன்றை ஐபோன் 7-க்குள் பொருத்தி 2017-ல் காட்டினார். நம் ஊர்க் கடைகளில் மலிவு விலைப் போன்கள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது. விலை உயர்ந்த தன் போன்களில் 2018-ல் துளையைக் கைவிட்ட இன்னொரு கம்பெனி, 2020-ல் வெளிவந்த மாடலில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வேறு யாருமில்லை, சோனிதான்.