தவிடும் தீட்டிய அரிசியும்



புதிய உணவு என்றால் எங்கோ தொலைவிலுள்ள காட்டிலிருந்தோ கடலிலிருந்தோ வரவேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். மனிதன் வேண்டாம் என்று தள்ளிய பொருளையே பின்னொரு நாள் புதியதென்று கண்டெடுத்ததும் உண்டு. இன்று இயற்கை உணவு என்னும் பெயரோடு கடைகளில் கூடுதல் விலைக்கு விற்கப்படும் தவிடு நீக்காத அரிசி அத்தகையது. அதன் அருமையை உலகம் உணர்வதற்குள் பல்லாயிரம் உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன. அந்த வரலாற்றையே நான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நெல்லின் மேலே இருப்பது உமி. அதை நீக்கினால் அரிசியைச் சுற்றி மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று தெரியும். அதுவே தவிடாக உதிர்வது. உரலில் இட்டு உலக்கையால் குத்திய காலத்தில், அத்தோலில் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டியே நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் ஆசியாவில் பெருகின. அரிசி முத்தைப்போல் வெளுத்தது. வணிகர்க்கும் அது உகந்ததாயிற்று. தவிட்டில் எண்ணெய்ப்பசை உண்டாதலால், தவிடுள்ள அரிசி விரைவில் கெட்டுவிடும். தீட்டிய அரிசியோ மூட்டையில் நெடுநாள் இருக்கும். கப்பலில் நெடுந்தூரம் செல்லும். வெள்ளை அரிசி உண்பதே உயர்வு என்னும் எண்ணமும் உடன் வளர்ந்தது.

அந்த வெண்மையோடு பெரிபெரி என்னும் நோயும் பரவிற்று. கால் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், இறுதியில் நெஞ்சம் ஓய்ந்து உயிர் பிரியும். ஆலைகள் தோன்றும் முன்பே, வெள்ளை அரிசி உண்ட ஜப்பானியத் தலைநகர மக்களிடம் இது காணப்பட்டது. எடோ என்பது அந்நகரின் பழைய பெயர். எனவே நோய்க்கும் ‘எடோ நோய்’ என்று பெயராயிற்று. 1882இல் புறப்பட்ட ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்றில் 376 பேர் இருந்தனர். அவர்களுள் 169 பேரை இந்நோய் பற்றியது. 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தக்காக்கி உணவே காரணம் என்று கருதினார். 1884இல் அதே வழியில் சென்ற மற்றொரு கப்பலுக்கு இறைச்சியும் வாற்கோதுமையும் சேர்ந்த உணவை ஏற்பாடு செய்தார். அதில் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை.

காரணம் முதலில் துலங்கத் தொடங்கியது ஜாவாத் தீவில். டச்சு மருத்துவர் எய்க்மன், நோய்க்கிருமியைத் தேடிப் பத்தேவியா நகருக்கு வந்தவர். 1889இல் அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் அவை தாமே நலம் பெற்றன. இடையில் நிகழ்ந்தது என்ன? படை மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்தார். அதனால் அவற்றுக்குத் தவிடுள்ள அரிசி கிடைத்தது, நோயும் நீங்கிற்று.

கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? வோர்டர்மன் என்னும் அதிகாரி ஜாவாவின் 101 சிறைகளை ஆராய்ந்து 1897இல் முடிவை வெளியிட்டார். வெள்ளை அரிசி வழங்கிய 51 சிறைகளுள் 36இல் பெரிபெரி இருந்தது. தவிடுள்ள அரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே இருந்தது. எய்க்மன், அரிசியில் ஒரு நஞ்சு உண்டென்றும் தவிடு அதை முறிக்கிறதென்றும் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கிரிய்ன்ஸ் 1901இல் அதைத் திருத்தினார். உடலுக்கு இன்றியமையாத ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது. அது இல்லாமையே நோய் என்றார் அவர்.

இனி, நம்மவரும் இடம்பெறும் பகுதிக்கு வருவோம். மலாயாவில் சயாம் நாட்டு வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரியால் மடிந்தனர். அதே நாட்டில் உழைத்த தமிழரை அந்நோய் அரிதாகவே தொட்டது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி என்பதைப் பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூரின் மனநோய் விடுதியில் பிளெச்சர் என்பவர் 1906இல் இதைச் சோதித்தார். ஒரு பாதியினர்க்குச் சயாம் அரிசி. மறு பாதியினர்க்குப் புழுங்கல் அரிசி. முதற்பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் அவ்வாறு இறந்தவர் எவருமில்லை. எந்த அரிசி வேண்டும் என்று கேட்கும் நிலையில் அந்நோயாளிகள் இல்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே செல்கிறது. பின்னர்த் தீட்டினாலும் அதில் பெரும்பங்கு நிற்கிறது. இதற்காக நம் முன்னோர் நோயை ஆராய்ந்து முறை வகுத்தனர் என்று நான் பெருமை பேசமாட்டேன். உமி எளிதில் கழலவும் அரிசி நொறுங்காதிருக்கவும் அவித்தனர்; உடல்நலம் உடன் வந்தது.

1912இல் ஃபங்க் என்னும் அறிஞர் இத்தகைய சத்துகளுக்கு ‘வைட்டமின்’ என்ற பெயரைத் தந்தார். 1926இல் பத்தேவியாவில் யான்சன், டோனத் இருவரும் அதைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தனர். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதை வேதியியல் முறையில் ஆக்கிக் காட்டினார். அவர் பிறந்தது, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூரில். தயாமின் என்று நாம் இன்று வழங்குவது அச்சத்தையே. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நண்பர்களே, இவ்வரலாற்றில் மடிந்தவர் யாவர்? சிறையாளிகள், படைவீரர், கூலியாட்கள். பிறர் தேர்ந்து கொடுத்ததை உண்டவர்களே மிகுதி. நாளை ஓர் உணவு புதியதென்றும் இயற்கையானதென்றும் உங்கள்முன் வரும். அதை வியக்கவும் வேண்டா, வெறுக்கவும் வேண்டா. அதிலிருந்து எதை நீக்கினார்கள், அதனால் பயன் அடைபவர் யார், அதைச் சோதித்துப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். அக்கேள்விகள் முன்பே கேட்கப்பட்டிருந்தால் அந்தக் கப்பலின் 25 பேரும் கரை சேர்ந்திருப்பர்.