பற்றைக்காடும் பாடும் பறவைகளும்

அசோகச் சக்கரவர்த்தி சாலையோரங்களில் நிழல்தரு மரங்களை நாட்டினான் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. மரம் நடுதல் அறம் என்ற எண்ணம் தமிழ் மக்களின் நெஞ்சிலும் ஆழ வேரூன்றியுள்ளது. ஆதலின், மரம் பெருகியமையால் ஒரு நிலம் கெட்டது என்று எவரேனும் கூறின், கேட்போர் வியப்படைவர். எனினும் அவ்வாறு நேர்ந்ததுண்டு. நல்லெண்ணத்துடன் நடப்பட்ட ஒரு மரம் பற்றைக்காடுகளுள் புகுந்து பரவி, அங்கே வாழ்ந்த பாடும் பறவைகளின் இருப்பிடத்தைக் கவர்ந்துகொண்ட வரலாறு இலங்கையின் தென்கீழ்க் கரையிலும் உண்டு. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் உண்டு.

வீரமுனை, சம்மாந்துறை, கல்முனை ஆகியவை நெல்வயல் சூழ்ந்த ஊர்கள். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே செல்வோர் அக்கரைப்பற்று, திருக்கோயில், பொத்துவில் என்பவற்றைக் கடந்து பாணமையை அடைவர். அதற்கப்பால் நிலத்தின் தோற்றம் மாறிவிடுகின்றது. வயலும் தென்னையும் மறைந்து, முட்பற்றைகளும் மணல்வெளிகளும் களப்புகளும் தோன்றுகின்றன. கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர் உகந்தையை விட்டுக் குமண, யால வழியாக நடந்து செல்வது இந்த நிலத்தினூடேதான். இதே வரண்ட நிலம் மேற்கே புந்தல வரைக்கும் அம்பாந்தோட்டை வரைக்கும் நீண்டு கிடக்கின்றது.

வழிப்போக்கருக்கு இப்பற்றைக்காடு வெறுமையாகத் தோன்றலாம். நின்று செவிசாய்ப்போருக்கு அது வெறுமையன்று. காரை, சூரை, இலந்தை, கிளா முதலிய செடிகள் இங்கே இடையளவும் ஆளளவுமாக வளர்கின்றன. சங்கப் புலவர்கள் உகாய் என்று குறித்த மரமும் இவற்றிடையே நிற்கின்றது. முஸ்லிம் மக்கள் பல் துலக்கப் பயன்படுத்தும் மிஸ்வாக் குச்சியைத் தருவது இம்மரமே. பற்றைக்கும் பற்றைக்கும் இடையே புல்லும் வெறுநிலமும் மாறிமாறி வரும். இந்த இடைவெளிகளே பற்றைக்காட்டின் உயிர்நிலை எனலாம்.

ஒரு பெரிய வீட்டின் அறைகளைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்வது போலப் பறவைகள் இந்நிலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வானம்பாடி புற்குத்தின் அடியில், தரையிலேயே கூடு கட்டும். அது பாடியவாறே மேலெழுந்து, சிறகை விரித்து மெல்ல இறங்குவதற்குத் திறந்த வெளி வேண்டும். கதிர்க்குருவி தாழ்ந்த செடிகளில் கூடு பின்னும். தையற்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து அதனுள்ளே முட்டையிடும். கொண்டைக்குருவி முட்பற்றையின் நடுவே கிண்ணம்போற் கூடமைக்கும். கருஞ்சிட்டு வெறுநிலத்தில் ஓடியோடிப் பூச்சி பிடிக்கும். புலுனிகள் கூட்டமாக வந்து சருகுகளைக் கிளறும். மாரிக்காலத்தில் வடநாடுகளிலிருந்து வரும் கீச்சானும் இங்கே தங்கும். தரையும் புல்லும் பற்றையும் அருகருகே இருந்தாலன்றி இவையனைத்தும் ஒருங்கே வாழ இயலாது.

இத்தகைய நிலத்தை ஆட்சியாளர் எவ்வாறு நோக்கினர் என்பதை அடுத்துக் காணவேண்டும். 1840ஆம் ஆண்டு பிரித்தானிய அரசாங்கம் இலங்கையில் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தது. காடுகளும் தரிசு நிலங்களும் குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலங்களும், வேறு உரிமை நிறுவப்படாதவிடத்து, முடிக்குரியவை என்று அச்சட்டம் கொண்டது. 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் என்ற பெயரிலேயே மற்றொன்று வந்தது. கிராமத்தவர் ஆடுமாடு மேய்த்தும், விறகு பொறுக்கியும், தேன் எடுத்தும், சேனைப்பயிர் செய்தும் வந்த நிலங்கள் ஏட்டிலே தரிசு என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிட்டன. தரிசு என்றால் பயனற்றது. பயனற்றதைப் பயனுள்ளதாக்குவது நல்லரசின் கடமை. இந்த எண்ணத்தின் வழியேதான் பின்னர் மரமும் வந்தது.

1870களில் நிகழ்ந்த இரண்டு செயல்களை அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது. அப்போது இலங்கையிற் பணியாற்றிய இராணுவ உத்தியோகத்தரான வின்சென்ட் லெக் என்பார், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காடுமேடுகளில் அலைந்து பறவைகளை ஆராய்ந்தார். இலங்கைப் பறவைகளைப் பற்றிய அவரது பெருநூல் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. வரண்ட கரைகளின் சிறு பறவைகளும் அந்நூலில் இடம்பெற்றன. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் காட்டு அதிகாரியாக இருந்தவர் கேணல் பெடோம். விறகுப் பஞ்சமும் வரட்சியும் வாட்டிய தென்னிந்தியப் பகுதிகளுக்கு ஏற்ற மரமொன்றை அவர் தேடினார். அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளுக்குரிய முள்மரமொன்றின் விதையை வேண்டி 1876இல் அரசாங்கத்திற்கு எழுதினார்; மறு ஆண்டு விதை வந்து சேர்ந்தது. அம்மரமே இன்று தமிழகத்தார் சீமைக் கருவேல் என்றும், வேலிகாத்தான் என்றும் வழங்குவது.

பெடோம் அறியாதவரல்லர். தென்னிந்தியப் பன்னங்களையும் ஊர்வனவற்றையும் ஆராய்ந்து புகழ்பெற்ற இயற்கை அறிஞர் அவர். மக்களின் அடுப்பெரிய வேண்டும் என்ற நோக்கிலும் குற்றமில்லை. அம்மரம் அந்நோக்கை நிறைவேற்றவும் செய்தது. இராமநாதபுரம் போன்ற வரண்ட மாவட்டங்களில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் அதனை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைத்து வந்துள்ளன. ஆனால் வேலியைக் காக்க வந்த மரம் வேலிக்குள் நிற்கவில்லை. கண்மாய்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் முட்பற்றைகளிலும் அது புகுந்தது. ஏறக்குறைய 145 ஆண்டுகளின் பின்னர், 2022இல், அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு தனியொரு கொள்கையை வெளியிட வேண்டியதாயிற்று.

இலங்கையின் தென்கரைக்கு இம்மரம் வந்த வரலாறும் ஏறக்குறைய இதுவே. 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில் உப்பேறிய நிலங்களைத் திருத்தும் பொருட்டு இதனை நட்டனர். உப்பையும் வரட்சியையும் பொறுத்து வளரும் மரம் அது. ஆதலின், வேறெதுவும் எளிதில் வளராத இடத்தில் பசுமை கண்டோர் மகிழ்ந்திருப்பர். சிங்கள மக்கள் அதற்குக் கலப்பு அந்தர என்று பெயரிட்டனர். நாளடைவில் அது புந்தலவை எட்டியது. புந்தல 1969இல் சரணாலயமாகவும், 1993இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 1990இல் இலங்கையிலிருந்து முதன்முதலாக இடம்பெற்றதும் அதுவே. அதன் புகழெல்லாம் பூநாரையையும், கடல்கடந்து வரும் கரைப்பறவைகளையும் பற்றியது. களப்பை நோக்கிய கண்கள் களப்போரத்துப் பற்றையிற் பாடிய சிறு பறவையை அவ்வளவாக நோக்கவில்லை.

மரம் பரவிய வழி எளியது. அதன் நெற்றுகள் இனிப்பானவை. மாடும் எருமையும் அவற்றை விரும்பித் தின்னும். கடினமான விதைகள் செரியாமற் சாணத்துடன் வெளியேறும். மாடு எங்கே நடக்குமோ, அங்கே மரம் முளைக்கும். மாடு நடப்பதோ பற்றைகளுக்கு இடையேயுள்ள திறந்த வெளியில். இவ்வாறு பறவைகளுக்கு இன்றியமையாத இடைவெளிகளே முதலில் அடைபட்டன.

இளமரங்கள் கிளைவிரித்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதும் நிலத்திற் படும் ஒளி குறைகின்றது. நிழலிற் புல் மடிகின்றது. அம்மரத்தின் இலைச்சருகிலுள்ள சில பொருள்கள் பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். புல் மடியவே, தரையிற் கூடு கட்டும் வானம்பாடிக்கு மறைவிடம் இல்லை. எழுந்து பாட வெளியும் இல்லை. தாழ்ந்த செடிகள் நலியவே, கதிர்க்குருவிக்குக் கூடு பின்ன இடமில்லை. பலவகைச் செடிகள் போனால், அவற்றை நம்பிய புழுபூச்சி வகைகளும் குறையும். அவையோ குஞ்சுகளின் உணவு. உயர்ந்த கிளைகளோ காகத்திற்கும் வல்லூறுக்கும் காவற்கோபுரங்களாகின்றன. முன்பு தொலைவில் இருந்த பகை இப்போது கூட்டின் தலைக்கு மேலே அமர்ந்து பார்க்கின்றது.

இன்னுமொரு தீங்கு மெல்ல நிகழ்வது. கொண்டைக்குருவி காரைப்பழத்தையும் உகாய்ப்பழத்தையும் தின்று, விதைகளை வேறிடங்களில் இடும். பற்றைக்காட்டை மீண்டும் மீண்டும் நடுகின்ற தோட்டக்காரன் அதுவே. சீமைக் கருவேலின் காய்ந்த நெற்றில் அதற்குப் பழச்சதை இல்லை. பழச்செடி குறைந்தால் பறவை குறையும். பறவை குறைந்தால் பழச்செடி மேலும் குறையும்.

எல்லாப் பறவைகளுக்கும் இம்மரம் கேடு என்று சொல்லிவிட முடியாது. புறாக்களும் காகங்களும் அதில் தங்குகின்றன. சில இடங்களிற் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஆகவே, மரச்செறிவைக் கண்ட ஒருவர் பறவைகள் பெருகிவிட்டன என்றே எண்ணக்கூடும். எங்கும் வாழவல்ல பறவைகள் வந்து சேர்ந்தன. பற்றையன்றி வேறிடம் அறியாத பறவைகள் விலகிச் சென்றன. எண்ணிக்கையை மட்டும் நோக்குவோருக்கு இந்த இழப்புத் தெரிவதில்லை.

அந்நிய மரத்தால் மட்டுமே இவ்விடர் நேரும் என்று கருதுவதும் பொருந்தாது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சேஜ் என்னும் குறுஞ்செடி நிறைந்த பரந்த வெளிகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மந்தைகள் அங்கே புல்லை மேய்ந்து தீர்த்தன; புல் குறையவே, அதனாற் பரவும் காட்டுத்தீயும் குறைந்தது. தீயின் தடை நீங்கியதும், அந்நாட்டுக்கே உரிய ஜூனிப்பர் மரங்கள் வெளிகளுள் இறங்கின. செடிகளையே நம்பிய சிட்டினங்கள் அருகின. அண்மைக் காலத்தில் ஒரிகன் மாநிலத்திற் சில இடங்களில் அம்மரங்களை வெட்டி நீக்கினர். சில ஆண்டுகளுக்குள்ளேயே அங்குள்ள சிட்டு வகையொன்று இரண்டு மடங்குக்கு மேற் பெருகியதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். சொந்த மரமாயினும், அளவு மீறி மூடினால் பற்றைப் பறவைக்கு இடமில்லை என்பதும், இழந்ததை மீட்கவும் இயலும் என்பதும் இதனாற் பெறப்படும்.

அம்பாறை மாவட்டத்திலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 1954இல் அமைக்கப்பட்ட கல்லோயாத் தேசிய பூங்காவில், கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மரங்கள் ஆங்காங்கே நிற்கும் புல்வெளிகள் இருக்கின்றன. வைத்தியர் திரிபலை என்று சேர்த்துக் கூறும் மூன்றும் அங்கே அருகருகே வளர்கின்றன. அவ்வெளிகள் காலந்தோறும் தீயினாற் காக்கப்பட்டு வந்தவை. தீ முற்றாக நின்றுவிட்டால் காடு நெருங்கி வந்து புல்லை மூடிவிடும்.

புந்தலவில் சீமைக் கருவேலை அகற்றும் வேலை நடந்ததுண்டு. ஆயினும் அது ஒருநாட் சிரமதானத்தில் முடியும் வேலையன்று. மேலே வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும்; வேருடன் களைதல் வேண்டும். களைந்த பின்னரும் மண்ணிற் கிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் முளைத்துக்கொண்டிருக்கும். மாடுகள் உள்ளே மேயும் வரைக்கும் புதிய விதைகளும் வந்து சேரும். நடுவதற்கு ஒருநாள் போதும். நீக்குவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

கிழக்குக் கரையில் வாழ்வோருக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ள கதையன்று. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி வந்து கல்முனைக் கரையிற் செய்த அழிவை எவரும் மறந்திலர். அதன் பின்னர், கரையைக் காப்பதற்கு மரவேலி வேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் எழுந்தது. கரையோரங்களிற் பலவிடங்களில் சவுக்கு நடப்பட்டது. உயிரிழப்பைக் கண்ட மக்கள் அரண் தேடுவது நியாயமே. ஆனால் சவுக்கின் ஊசிச்சருகு தடித்துப் படியும் இடத்தில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தழைப்பதில்லை. மணலைப் பிணித்து மேடாக நிறுத்துபவை அவையே. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று முன்னோர் சொன்னது மக்களின் ஒற்றுமையைப் பற்றி. ஆயினும், கரைமணலைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மை. மணல்மேட்டையும் அதன்மேலுள்ள தாழையையும் பற்றையையும் காத்து, அவற்றின் பின்னே தக்க இடத்தில் மரம் நடுவோர் கரைக்கும் அரண் செய்வர். குருவிக்கும் இடம் விடுவர்.

மரம் நடுதல் இனியும் அறமே. எனினும் மண்வெட்டியை எடுக்குமுன், இந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்வது யாது என்று கேட்டறிதலும் அந்த அறத்தின் ஒரு பகுதி. பாணமைக்குத் தெற்கே, விடியற்காலையில் வானம்பாடி பாடியெழும் வெளிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைத் தரிசு என்று ஏட்டில் எழுதுவோர், ஒருமுறை அந்த நேரத்தில் அங்கே சென்று நின்று கேட்டபின் எழுதுவாராக.