நிறைய படிச்சா நஷ்டம்!

மாசாமாசம் ஒரு தொகை கட்டிட்டு எவ்வளவு புத்தகம் வேணும்னாலும் படிக்கலாம்னா, யாருக்கு ரொம்ப சந்தோஷம்? நிறைய படிக்கிறவங்களுக்குத்தான். கம்பெனிக்கு நஷ்டமும் அவங்களாலதான்.

1842ல லண்டன்ல சார்லஸ் எட்வர்ட் மியூடி புத்தகங்களை வாடகைக்கு விட ஆரம்பிச்சார். வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். ஆனா ஒரு நேரத்துல ஒரு தொகுதிதான் கையில இருக்கலாம். அதைத் திருப்பிக் கொடுத்தாத்தான் அடுத்தது. அந்த வரம்பு இருந்ததாலதான் கணக்கு நின்னுச்சு.

2013 செப்டம்பர்ல நியூயார்க்கில் தொடங்கின ஆய்ஸ்டர் அந்த வரம்பையே எடுத்துடுச்சு. மாசம் 9.95 டாலர், மின்னூல்கள் அளவில்லாம. அடுத்த மாசமே ஸ்கிரிப்டு 8.99 டாலருக்குக் குதிச்சது. ஆனா வாசகர் ஒரு நூல்ல குறிப்பிட்ட சதவீதம் தாண்டினா, அது வித்த மாதிரிக் கணக்கு. பதிப்பகத்துக்குக் காசு போகணும். சும்மா ஒரு புத்தகத்துக்கு 4 டாலர்னு வெச்சுக்கங்க, மூணாவது புத்தகத்துலயே கையைக் கடிக்குது. ஜிம் மாதிரி, பணம் கட்டிட்டு வராதவங்கதான் தாங்கணும். (எங்க ஏரியா ஜிம்மை நான் அப்படித்தான் தாங்குறேன்.)

ரொமான்ஸ் வாசகர்கள் அந்த ரகம் இல்லை. வாரத்துக்கு மூணு, நாலு நாவல் முடிக்கிறவங்களும் அவங்கள்ல உண்டு. 2015 நடுவுல ஸ்கிரிப்டு ஏராளமான ரொமான்ஸ் நாவல்களையே தூக்கிடுச்சு. நிறைய பேர் படிச்சதுதான் அந்த நாவல்கள் செஞ்ச தப்பு! 2016ல மாசத்துக்கு 3 புத்தகம்னு வரம்பும் வந்தது. ஆய்ஸ்டர் 2015 செப்டம்பர்லயே மூடுவிழா அறிவிச்சாச்சு.

2014 ஜூலையில வந்த கிண்டில் அன்லிமிடெட், தாங்களே வெளியிடுற எழுத்தாளர்களுக்கு வேற வழி வெச்சது. மாசாமாசம் ஒரு உண்டியல். அதுல எவ்வளவுனு அமேசானே முடிவு பண்ணும். அதை எழுத்தாளர்கள் பங்கு போட்டுக்கணும். வாசகர் கூடுதலா படிச்சா அமேசானுக்கு நஷ்டமில்லை, பங்குதான் மெலியும். முதல்ல 10 சதவீதம் படிச்சாலே முழுப் பங்கு. உடனே குட்டிக் குட்டிப் புத்தகங்களா குவிஞ்சுது. 2015 ஜூலையில பக்கக் கணக்குக்கு மாத்தினாங்க. அங்கயும் ஒரு ஓட்டை: வாசகர் எட்டின கடைசி இடத்தை வெச்சுத்தான் பக்கம் எண்ணினாங்க. சில கில்லாடிகள் முதல் பக்கத்துலயே கடைசிப் பக்கத்துக்கு லிங்க் வெச்சாங்க. கோடு எழுதுறவனா, அந்த பக்-ஐ நான் கொஞ்சம் ரசிச்சேன்.

அதுல நாவல் போடுற என் ஃப்ரெண்ட் ஒருத்திகிட்ட இதைச் சொன்னப்போ அவ சிரிக்கலை. காலையில எழுந்ததும் அவ பார்க்கிறது பக்க எண்ணிக்கையைத்தான். போன வாரம் ஒருநாள் 212. மொத்த நாவலே அவ்வளவுதான். யாரோ ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடிச்சிருக்காங்கனு சொன்னா.